நிறுத்திய வீட்டு வண்டியை நிலைபெறச் செய்தல்

வீட்டைத் தன்னுடன் கொண்டு செல்லும் விருப்பம் மனிதனுக்குப் புதியதன்று. நத்தையும் ஆமையும் இயற்கையாகவே பெற்றிருக்கும் அந்நலத்தை அவன் தன் கைத்திறத்தாற் பெற முயன்றான். 1885-ஆம் ஆண்டில், ஆங்கிலக் கடற்படையில் வைத்தியராயிருந்து ஓய்வுபெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், உல்லாசப் பிரயாணத்திற்கென்றே ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்து, அதில் இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியினின்று புறப்பட்டு ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள இன்வர்னெஸ் நகர் வரையிற் சென்றார். ‘வாண்டரர்’ என்பது அவ்வண்டியின் பெயர். ‘திரிவோன்’ என்பது அதன் பொருள். 1907-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டியுடையோர் பிரிட்டனில் ஒரு சங்கமும் நிறுவினர். பின்னர் மோட்டார் வண்டி பெருகவே, குதிரைகள் நீங்கின. 1936-இல் அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியார் அலுமினியத் தகடு போர்த்த ‘கிளிப்பர்’ என்னும் வண்டியை வெளியிட்டனர். இக்காலத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் விடுமுறை நாட்களில் சாலையிற் செல்வோர், காரின் பின்னே பூட்டிய இவ்வீட்டு வண்டிகளை எங்கும் காணலாம். இவற்றை அந்நாட்டார் டிரெய்லர் என்றும், காரவான் என்றும் வழங்குவர்.

இவ்வண்டி ஓடும்போது ஆடுதல் இயல்பு. ஓடி முடித்து, காரினின்று கழற்றி, ஓரிடத்தில் நிறுத்திய பின்னும் அது ஆடுமாயின் அதனை வீடென்று கூறுதல் எங்ஙனம்? ஒருவர் படுக்கையிற் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்வர். ஒரு குழந்தை ஓடினால் பாத்திரங்கள் கலகலவென்று ஒலிக்கும். இவ்வாட்டத்தின் காரணமும் அதனைக் குறைக்கும் வழியும் யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள். பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர்க்கு, வகுப்பறையிற் கற்ற வில்லும் நெம்புகோலும் முக்கோணமும் ஒரே வண்டியில் ஒருங்கு தொழில் செய்வதைக் காண இஃது ஒரு நல்ல வாய்ப்பாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், மிச்சிகன் ஏரிக்கரையில் இத்தகைய வண்டி ஒன்றில் மூன்று இரவுகள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வண்டிக்குரியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். அவருடைய மனைவியார் உட்செவியின் கோளாறினால் தலைச்சுற்றலுற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. முதல் இரவில் எங்களில் யாரேனும் ஒருவர் எழுந்து நடந்தபோதெல்லாம் அவ்வம்மையார் படுக்கையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மறுநாட் காலையில் நண்பர், வண்டியின் நான்கு மூலைகளிலும் இருந்த ஜாக்கிகளைத் தம் பலங்கொண்ட மட்டும் திருகி உயர்த்தினார். ஆட்டம் சிறிது குறைந்தது. ஆயின் அன்றிரவு அம்மையாருக்குக் குமட்டல் உண்டாகி வெளியே செல்ல விரைந்தபோது கதவு திறக்கவில்லை. சட்டம் முறுகிக் கதவின் நிலை கோணிவிட்டது. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளியே அதனைத் திறந்தோம். அடுத்த இரவை அவர் காரின் ஆசனத்திற் கழிப்பதாகவும், ஊர் திரும்பியதும் வண்டியை விற்றுவிட வேண்டுமென்றும் கூறினார். அதன் பிறகே நண்பரும் யானும் ஒரு பகற்பொழுது முழுவதும் உட்கார்ந்து, இவ்வண்டி ஏன் ஆடுகின்றது என்பதை முறையாக ஆராயலானோம்.

ஆட்டத்தின் காரணம்

வண்டியின் பாரம் முழுவதும் தரையின்மேல் நேரே நிற்கவில்லை. உடல் அடிச்சட்டத்தின்மேலும், அடிச்சட்டம் வில்லின்மேலும், வில் இருசின்மேலும், இருசு காற்றடைத்த டயரின்மேலும் நிற்கின்றன. இவற்றுள் வில்லும் டயரும் அமுங்கி எழும் தன்மையன. சாலையின் மேடுபள்ளங்களைத் தாங்குவதற்கு இத்தன்மை வேண்டுவதே. நின்ற விடத்தில் அதுவே பகையாகின்றது.

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். சக்கரங்களின்மேல் நிற்கும் பாரம் 1,800 கிலோகிராம் என்றும், அப்பாரத்தால் வில்லும் டயரும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் அமுங்கியிருப்பதாகவும் கொள்வோம். அங்ஙனமாயின், மேலும் ஒரு சென்டிமீட்டர் அமுங்குதற்கு 360 கிலோகிராம் வேண்டும். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் இருசுக்கு நேர்மேலே வந்து நின்றால் வண்டி 2 மில்லிமீட்டர் அளவே அமுங்கும். இத்துணைச் சிறிய அமுக்கம் உறக்கத்தைக் கெடுப்பது எவ்வாறு? அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, நெம்புகோலின் தொழில். காரினின்று கழற்றிய வண்டியின் முன்புறத்தை ஏர்க்காலின் கீழுள்ள முன் ஜாக்கி தாங்குகின்றது. அதிலிருந்து இருசு 4 மீட்டர் தூரத்திலும், பின்கட்டிலுள்ள படுக்கை இருசுக்கு அப்பால் இன்னும் இரண்டரை மீட்டர் தூரத்திலும் இருப்பதாகக் கொள்க. மேற்கூறிய 70 கிலோகிராம் மனிதர் அப்படுக்கையில் அமர்ந்தால், இருசின்மேல் ஏறும் பாரம் 114 கிலோகிராம் ஆகும். இருசின் மேற்புறம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும், படுக்கையிருக்கும் இடம் 5 மில்லிமீட்டரும் தாழும். அதே மனிதர், அதே வண்டி. இடம் மாறியதனால் அமுக்கம் இரண்டரை மடங்காயிற்று. மாடுகளை அவிழ்த்துவிட்ட கட்டை வண்டியின் பின்புறத்தில் ஒருவர் ஏறினால் நுகத்தடி வானை நோக்கி எழுவதைக் கண்டோர்க்கு இது வியப்பன்று.

இரண்டாவது, ஒத்ததிர்வு. வில்லின்மேல் நிற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய அதிர்வெண் ஒன்று உண்டு. பாரத்தால் 5 சென்டிமீட்டர் அமுங்கிய வில், தூண்டி விட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 2.2 முறை ஏறி இறங்கும். நிதானமாக நடக்கும் மனிதனோ விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கின்றான். இவ்விரண்டும் நெருங்கி நிற்பதே தொல்லைக்கு மூலம். ஊஞ்சலை அதன் போக்கறிந்து மெல்லத் தள்ளினாலும் அது உயர உயரச் செல்லுமன்றோ? அவ்வாறே ஒவ்வோர் அடியும் முந்திய அடியின் அசைவை வளர்க்கின்றது. கார்களில் இத்தகைய அசைவைத் தணித்தற்கு ஷாக் அப்ஸார்பர் என்னும் கருவி உண்டு. வீட்டு வண்டிகள் பலவற்றில் அது பொருத்தப்படுவதில்லை.

இவ்வுண்மையைப் பெரிய அளவில் உலகுக்குக் காட்டியது, லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின்மேல் 2000-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் திறக்கப்பட்ட மில்லேனியம் நடைபாலம். மக்கள் திரளாக நடந்தபோது அது பக்கவாட்டில் அசையத் தொடங்கிற்று. அசைவுக்கேற்ப மக்கள் தம் நடையை மாற்றவே அசைவு பின்னும் வளர்ந்தது. இரண்டே நாட்களிற் பாலம் மூடப்பட்டது. தணிப்புக் கருவிகள் பல பொருத்தப்பட்டு, 2002-ஆம் ஆண்டில் மறுபடியும் திறக்கப்பட்டது. பாலம் வலிவற்றதன்று, மனித நடையின் தாளமும் அதன் தாளமும் ஒத்ததே குறை.

ஆட்டத்தின் வகைகள்

மருந்து கொடுக்குமுன் நோயை அறிதல் வேண்டும். நிறுத்திய வண்டியின் அசைவு மூவகைப்படும். மேலுங்கீழுமாக எழுந்து தாழ்வது குதிப்பு. சக்கரங்கள் இம்மியளவு உருள்வதனால் வண்டி முன்னும் பின்னும் செல்வது நகர்ச்சி. வலமும் இடமுமாகச் சாய்வது பக்கவாட்டம். இம்மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை. எங்கள் நண்பர் முதல் நாள் செய்த பிழை, குதிப்புக்குரிய மருந்தை மற்ற இரண்டுக்கும் சேர்த்து மிகையாகக் கொடுத்ததேயாகும்.

வகையறிதற்கு அம்மையாரே ஓர் எளிய சோதனையைச் சொன்னார். அகன்ற கிண்ணம் ஒன்றில் முக்காற் பங்கு நீர் ஊற்றி, வண்டியின் நடுவிலுள்ள மேசைமேல் வைத்து, ஒருவர் முதலில் நீளவாக்கிலும், பின்னர் அகலவாக்கிலும் நடக்க, மற்றொருவர் நீரை நோக்குதல் வேண்டும். நீர் வண்டியின் நீளவாக்கில் அலைந்தால் நகர்ச்சியும் முன்பின் சாய்வும் உள. அகலவாக்கில் அலைந்தாற் பக்கவாட்டம். அலையாது மேற்பரப்பில் நடுக்கம் மட்டும் தோன்றினாற் குதிப்பே மிகுதி. எங்கள் வண்டியில் நீர் பெரும்பாலும் அகலவாக்கிலேயே அலைந்தது. ஜாக்கிகளை எவ்வளவு இறுக்கியும் பயனில்லாது போனதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

நிலைநிறுத்தும் முறை

இனி, செய்யவேண்டுவனவற்றை அவற்றின் வரிசையிலேயே கூறுவோம். வரிசை பிறழ்ந்தால் பயன் குறைவதோடு உயிருக்கும் ஊறு நேரலாம்.

வண்டி காரோடு பூட்டியிருக்கும்போதே பக்கமட்டம் பார்த்தல் வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போன்றதொன்றைத் தரையில் அகலவாக்கில் வைத்து, எப்பக்கம் தாழ்ந்துள்ளதோ அப்பக்கத்துச் சக்கரத்தின் கீழ்ப் பலகை இட்டு, அதன்மேல் வண்டியை ஏற்றி நிறுத்துக. மட்டம் என்பது உறக்கத்திற்கு மட்டும் வேண்டுவதன்று. வண்டிகள் பலவற்றில் உள்ள, வெப்பத்தால் தொழில் செய்யும் குளிர்ப்பெட்டியில் அம்மோனியாக் கரைசல் குழாய்களின் வழியே தன் கனத்தாலேயே இறங்கி ஓடவேண்டும். வண்டி மிகச் சாய்ந்திருந்தால் அஃது ஓரிடத்தில் தேங்கிப் பெட்டி பழுதாகும்.

அடுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், இருபக்கத்தும் தடைக்கட்டைகளை இறுகச் செருகுக. இது முடிந்த பின்னரே காரினின்று கொக்கியைக் கழற்றுதல் வேண்டும். ஐரோப்பிய வண்டிகளிற் கைத்தடை உண்டு; அமெரிக்க வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் அஃது இல்லை. கொக்கி கழன்றவுடன் அவ்வண்டியைப் பிடித்து நிறுத்துவது கட்டை ஒன்றே. சிறு சரிவாயினும், இரண்டாயிரம் கிலோகிராம் உருளத் தொடங்கிவிட்டால் மனிதர் கையாற் பற்றி நிறுத்துதல் இயலாது. இவ்வொரு விதியை மட்டும் மறவாதவர் இக்கட்டுரையில் எஞ்சியவற்றை மறந்தாலும் பெருங்கேடு இல்லை.

மூன்றாவதாக, முன் ஜாக்கியை ஏற்றியோ இறக்கியோ முன்பின் மட்டம் செய்க. இவ்விடத்தில் ஒரு நுட்பம் உளது. வண்டியின் முன்புறத்தை மட்டத்திற்குச் சற்றுக் கீழே தாழ்த்திவிடுக. அப்போது பின்புறம் சிறிது எழும். எழுந்த நிலையிலேயே பின் மூலைகளின் ஜாக்கிகளைத் தரையைத் தொடும்வரை இறக்குக. பின்பு முன்புறத்தை மட்டத்திற்கு உயர்த்தினால், பின்புறம் தானே தாழ்ந்து அந்த ஜாக்கிகளின்மேல் அழுந்தி நிற்கும். மனிதர் மெய்வருந்தித் திருகாமலே, நெம்புகோல் அவ்வேலையைச் செய்துவிடுகின்றது. இறுதியாக, முன்மூலை ஜாக்கிகளையும் தரையைத் தொட இறக்கி, அரைச்சுற்று மிகையாகத் திருகினாற் போதும்.

மூலை ஜாக்கிகள் வண்டியைத் தூக்குதற்கு ஏற்பட்டவை அல்ல, தாங்குதற்கே ஏற்பட்டவை. பாரத்தின் பெரும்பங்கு சக்கரங்களின் மேலேயே இருத்தல் வேண்டும். அவற்றைக் கொண்டு வண்டியைத் தூக்கினால் அடிச்சட்டம் முறுகும், கதவு இறுகும், சன்னலோரத்து மூட்டுகள் விட்டு மழைநீர் புகும். அவற்றை மாத்திரம் நம்பி வண்டியின் அடியில் நுழைதல் ஒருபோதும் தகாது.

ஜாக்கியின் அடி ஊன்றும் தரையையும் எண்ணுதல் வேண்டும். ஓர் அடியின் பரப்பு 10 சென்டிமீட்டர் சதுரமும், அதன்மேல் வரும் பாரம் 300 கிலோகிராமும் ஆயின், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 3 கிலோகிராம் அழுத்தம் விழும். கீழே 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள தடித்த பலகை ஒன்றை இட்டால் அவ்வழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். ஏரிக்கரை மணலில் எங்கள் ஜாக்கிகள் ஓரிரவுக்குள் விரலளவு புதைந்திருந்ததைக் கண்டோம். பலகை இட்டபின் அக்குறை நீங்கிற்று. அன்றியும், நெடிது நீண்ட ஜாக்கி எளிதில் வளைந்தாடும். குறுகியது உறுதியாக நிற்கும். ஆதலின் ஜாக்கியை மிக நீட்டுவதைவிட, கீழே மரக்கட்டைகளை அடுக்கி அதன் நீளத்தைக் குறைத்தல் நன்று.

இவ்வளவிற் குதிப்பு பெரிதும் அடங்கும். நகர்ச்சிக்கு வேறு மருந்து தேவை. தடைக்கட்டை எவ்வளவு நெருங்கியிருந்தாலும் சக்கரம் சிறிது உருண்டே அதில் முட்டும். அச்சிறு இடைவெளியே முன்பின் அசைவாகத் தோன்றும். இரட்டை இருசு உள்ள வண்டியில், ஒரு பக்கத்து இரு சக்கரங்களுக்கும் நடுவில் வைத்துத் திருகினால் விரிந்து இரண்டையும் எதிரெதிராக அழுத்தும் இரும்புத் தடை ஒன்று உண்டு. முன்சக்கரம் பின்னோக்கியும், பின்சக்கரம் முன்னோக்கியும் உருளவொட்டாமல் அஃது அவ்விடைவெளியை இல்லாமற் செய்கின்றது. இத்தடை கொக்கி கழற்றுமுன் இடும் கட்டைகளுக்குத் துணையேயன்றி அவற்றிற்கு மாற்றாகாது.

முக்கோணத்தின் உதவி

எஞ்சி நிற்பது பக்கவாட்டம். எங்கள் வண்டியின் முதன்மையான நோயும் அதுவே. நேரே நிற்கும் ஜாக்கி மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குமேயன்றிப் பக்கத்திலிருந்து வரும் தள்ளுதலை எதிர்க்க வல்லதன்று. அதன் தலையும் அடியும் கீல்போல் அசையும். இதனை மாணவர் தாமே சோதித்தறியலாம். நான்கு மூங்கிற் குச்சிகளைச் சதுரமாக வைத்து மூலைக்கு ஓர் ஆணி அடித்து, ஒரு பக்கத்தைத் தள்ளிப் பார்க்க, சதுரம் சாய்ந்துவிடும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஐந்தாவது குச்சியைக் குறுக்கே அடித்துவிட்டால், எவ்வளவு தள்ளினும் அஃது அசையாது. சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. முக்கோணத்தின் ஒரு பக்கமேனும் நீண்டாலும் குறைந்தாலுமன்றி அதன் வடிவம் மாறாது.

இவ்வுண்மையைக் கொண்டே, நீட்டவும் சுருக்கவும் தக்க இரும்புக் குழாய்களை ஜாக்கியின் அடியிலிருந்து அடிச்சட்டத்தின் எதிர்ப்பக்கத்திற்குச் சாய்வாகப் பொருத்துகின்றனர். அகலவாக்கில் இட்ட சாய்குழாய் பக்கவாட்டத்தையும், நீளவாக்கில் இட்டது நகர்ச்சியையும் தடுக்கும். ஜாக்கி ஏற்றி முடிந்த பின்னரே குழாயின் திருகை இறுக்குதல் முறை. முன்னரே இறுக்கினாற் குழாய் வளையும். சாய்வு மிகச் செங்குத்தாயிருப்பின் பயன் குறையும். படுத்த சாய்வே பக்கத் தள்ளுதலை நன்கு எதிர்க்கும்.

நண்பர் அருகிலிருந்த ஊருக்குச் சென்று இரண்டு சாய்குழாய்கள் வாங்கி வந்தார். பின்மூலை ஜாக்கிகளுக்கு அவற்றைப் பொருத்தினோம். வாயிற்படியும் ஒரு காரணமென்று பின்பு கண்டோம். மடக்குப் படி வண்டியின் விளிம்பில் தொங்குவதாகலின், அதில் ஒருவர் கால் வைக்குந்தோறும் வண்டி முழுவதும் அப்பக்கம் சாய்ந்தது. படியின் கீழ் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்ததும் அதுவும் நின்றது. பின்னர்க் கிண்ணத்தை மேசைமேல் வைத்து யான் நடந்தேன். நீர் முற்றிலும் அசையாதிருந்ததென்று கூறமாட்டேன். விளிம்பை எட்டி அலைந்த நீர், இப்போது நடுவிற் சிறிது நடுங்கி அடங்கிற்று.

முழு அசைவின்மை இவ்வண்டிகளில் எய்தற்கரியது. தளப்பலகை தானே சிறிது வளையும். பலத்த காற்று உயர்ந்த சுவர்களைத் தள்ளும். மனிதர் உறங்குதற்குரிய அளவு அமைதியை உண்டாக்குவதே நம்மால் இயல்வது. மறுநாட் காலையில் ஜாக்கிகளை ஒருமுறை சரிபார்த்தலும் நன்று. தரை இரவில் சிறிது தாழ்ந்திருக்கலாம். புறப்படும்போது எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையிற் செய்க: முதலிற் சாய்குழாயைத் தளர்த்தி, பின் மூலை ஜாக்கிகளை முற்றும் உயர்த்தி, காரோடு கொக்கியைப் பூட்டிப் பூட்டு விழுந்ததைப் பார்த்து, கடைசியிலேயே தடைக்கட்டைகளை எடுத்தல் வேண்டும்.

மூன்றாம் இரவு அம்மையார் காருக்குச் செல்லவில்லை. நள்ளிரவில் யான் தண்ணீர் பருக எழுந்து, ஓசையின்றி நடக்க முயன்று, மூலையில் இருந்த வாளியில் இடறினேன். வாளி உருண்ட சத்தத்திற்கு நண்பர் விழித்துக்கொண்டார், அம்மையார் விழிக்கவில்லை. வண்டி விற்கப்படவும் இல்லை. அவர்கள் ஒவ்வோர் ஊரிலும் வண்டியை நிறுத்தியவுடன் முதலில் வெளியே எடுப்பன தடைக்கட்டைகள் என்றும், எல்லாம் முடிந்தபின் மேசைமேல் வைப்பது அந்த நீர்க் கிண்ணம் என்றும் பின்னர் நண்பர் எனக்கு எழுதினார்.